பொருளாதாரம், ஏற்றத்தாழ்வு, சமூக வளர்ச்சி: வாசிக்கத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொருளாதார நூல்களைச் சேர்ந்து படிக்கும் ஒரு சிறு வாசிப்பு வட்டத்தில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறேன். புதிதாக வருவோர் பெரும்பாலும் ஒரே ஐயங்களோடுதான் வருகிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியே சொல்லிவந்த விடைகளை இங்கே ஒருசேரத் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருவதாலும், பின்வரும் விடைகள் முன்னவற்றைத் துணைக்கொள்வதாலும், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. எனக்குக் கணக்கே வராது. பொருளாதாரப் புத்தகம் படித்தால் புரியுமா?

புரியும். பொது வாசகருக்காக எழுதப்பட்ட நூல்களுக்கு விழுக்காடு, சராசரி, வரைபடத்தின் இரு அச்சுகளையும் பார்த்துப் பொருள் கொள்ளும் பழக்கம் ஆகிய பள்ளிக் கணக்கே போதும். கூட்டு வளர்ச்சியை மட்டும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 70ஐ ஆண்டு வளர்ச்சி விழுக்காட்டால் வகுத்தால், வருமானம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். 7 விழுக்காடு என்றால் 10 ஆண்டுகள்; 2 விழுக்காடு என்றால் 35 ஆண்டுகள். ஒரே நிலையில் இருந்த இரண்டு நாடுகள் ஒரு தலைமுறைக்குள் மலைக்கும் மடுவுக்குமாக விலகிப்போனது எப்படி என்பது அந்தச் சிறு வகுத்தலிலேயே பாதி விளங்கிவிடும்.

கணக்கைவிட இடறச் செய்பவை சொற்கள்தாம். வருமானம், செல்வம் என்னும் இரண்டையும் பேச்சில் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். நூல்களில் வருமானம் என்பது ஒரு காலத்துக்குள் வந்து சேர்வது. செல்வம் என்பது ஒரு நாளில் கைவசம் இருப்பது, அதிலிருந்து கடனைக் கழித்தது. ஒன்று வாய்க்காலில் ஓடும் நீர், மற்றொன்று ஏரியில் நிற்கும் நீர். இந்த வேறுபாடு மனத்தில் ஊன்றாவிட்டால் ஏற்றத்தாழ்வைப் பற்றிய எந்த நூலும் குழப்பத்தையே தரும்.

2. ஆடம் ஸ்மித்திலிருந்து வரிசையாகத்தான் ஆரம்பிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. 1776இல் வந்த 'நாடுகளின் செல்வம்' நூலின் முதல் அத்தியாயம், குண்டூசி செய்யும் வேலையைப் பத்துப் பேர் பிரித்துக்கொண்டு ஒரு நாளில் 48,000 ஊசிகள் வரை செய்ததைச் சொல்வது, இன்றும் தெளிவாகப் படிக்கத்தக்கது. ஆனால் அதே நூலில் வெள்ளியின் விலையைப் பற்றி மிக நீண்ட பகுதி ஒன்று வருகிறது. ஆர்வத்தோடு தொடங்கிய பலர் அங்கேயே நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களை உறுத்தும் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். உணவு இருந்தும் மக்கள் ஏன் பட்டினி கிடக்கிறார்கள் என்பது உங்கள் கேள்வியானால் அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூல். செல்வம் ஏன் சிலரிடம் குவிகிறது என்றால் தாமஸ் பிக்கெட்டி 2013இல் எழுதியது. மனிதர்கள் முன்பைவிட நீண்ட நாள் வாழத் தொடங்கியது எப்படி என்றால் அதே ஆண்டில் ஆங்கஸ் டீட்டன் எழுதியது. ஏழைக் குடும்பங்கள் அன்றாட முடிவுகளை எப்படி எடுக்கின்றன என்றால் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2011இல் எழுதியது. பழைய நூல்கள் காத்திருக்கும். கேள்வி முதிர்ந்த பிறகு அவற்றிடம் போனால் அவை அதிகமாகவே தரும்.

3. ஜி.டி.பி. கூடினால் நாடு வளர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஓர் ஆண்டில் ஒரு நாட்டின் எல்லைக்குள் உற்பத்தியான பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் மதிப்பு. அதை அளப்பதில் பயன் உண்டு. வேலைவாய்ப்பு, வரி வருவாய் முதலியவை அதையொட்டியே ஏறி இறங்குகின்றன. ஆனால் வீட்டில் சமைப்பதும், பிள்ளைகளை வளர்ப்பதும், நோயுற்றவரைப் பார்த்துக்கொள்வதும் சம்பளத்துக்குச் செய்யப்பட்டால் அதில் சேரும்; சம்பளமின்றிச் செய்யப்பட்டால் சேராது. காட்டை வெட்டி விற்ற பணம் சேரும். காடு இல்லாமற்போனது கழிக்கப்படாது. தேசிய வருமானக் கணக்கை வகுத்தவர்களில் முதன்மையானவரான சைமன் குஸ்நெட்ஸ், 1934இல் அமெரிக்கக் காங்கிரஸுக்கு அளித்த அறிக்கையிலேயே, இந்த அளவைக் கொண்டு மக்களின் நலத்தை முடிவு செய்ய இயலாது என்று எச்சரித்துவிட்டார். கருவியைச் செய்தவரே சொன்ன எச்சரிக்கையைத்தான் பயன்படுத்துவோர் முதலில் மறந்தார்கள்.

இந்தக் குறையை ஈடுகட்டப் பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் மஹபூப் உல் ஹக்கின் முயற்சியில் 1990இல் மனித மேம்பாட்டுக் குறியீடு வந்தது. வருமானத்தோடு ஆயுட்காலத்தையும் கல்வியையும் அது சேர்த்துக்கொள்கிறது. இரண்டு அளவுகளும் விலகும் இடங்களே படிக்கச் சுவையானவை. அமெரிக்க ஐக்கிய நாட்டைவிட மிகக் குறைந்த தலா வருமானம் கொண்ட கோஸ்டா ரிக்கா, சராசரி ஆயுட்காலத்தில் அந்நாட்டுக்குப் பின்தங்கியிருக்கவில்லை. 1948இல் படையைக் கலைத்துவிட்டுப் பொதுச் சுகாதாரத்திலும் கல்வியிலும் பல்லாண்டுகள் கருத்தூன்றிய நாடு அது.

4. வறுமை, ஏற்றத்தாழ்வு இரண்டும் ஒன்றுதானே? ஏன் தனித்தனியாகப் பேசுகிறார்கள்?

ஒன்றல்ல. வறுமை என்பது ஒரு கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. ஏற்றத்தாழ்வு என்பது மக்களுக்கிடையே உள்ள தொலைவு. 1978இல் சீர்திருத்தம் தொடங்கிய பின் சீனாவில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து மீண்டார்கள். அதே காலத்தில் அங்கே ஏற்றத்தாழ்வு பெருமளவு கூடியது. இதற்கு நேர்மாறாக, ஒரு பெரும் நெருக்கடியில் செல்வர்களின் வருமானம் மிகுதியாகச் சரிந்தால், ஏழைகளின் நிலை சிறிதும் மேம்படாமலேயே ஏற்றத்தாழ்வு குறைந்ததாகக் கணக்கு காட்டும். எனவே 'நிலைமை சீரடைந்தது' என்ற சொற்றொடரைக் காணும்போது, இவ்விரண்டில் எதைச் சொல்கிறார் என்று பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

5. ஒரு நாளைக்கு 3 டாலர் என்கிறார்கள். விலை எல்லாம் குறைவான நாட்டில் 3 டாலர் பெரிய பணம் இல்லையா?

நல்ல ஐயம். ஆனால் கணக்கிட்டவர்கள் அதை முன்பே சரிசெய்துவிட்டார்கள். உலக வங்கி கடும் வறுமைக்கோடாக வைத்திருக்கும் அந்த 3 டாலர், நாணய மாற்றுச் சந்தையில் கிடைக்கும் டாலர் அன்று. 'வாங்கும் திறன் சமநிலை' என்னும் முறையில், பல நாடுகளில் ஒரே வகையான பொருள்களின் விலைகளைத் திரட்டி, அமெரிக்காவில் 3 டாலருக்கு என்ன வாங்கலாமோ அதே அளவை அந்தந்த நாட்டில் வாங்க எவ்வளவு வேண்டும் என்று கணிக்கிறார்கள். ஆகவே அந்த வறுமைக்கோட்டில் வாழ்பவர், அமெரிக்கக் கடைவிலையில் ஒரு நாளைக்கு 3 டாலர் பெறுமானத்துக்கு உண்டு, உடுத்தி, வாடகையும் மருந்துச் செலவும் பார்த்துக்கொள்கிறார். குறைந்த விலையின் பயன் அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. இதை அறிந்தபின் அந்த எண்ணைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

6. ஜினி குணகம் 0.45 என்றால் என்ன? அதை வைத்து இரண்டு நாடுகளை ஒப்பிடலாமா?

வருமானம் எவ்வளவு சமமின்றிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதைக் காட்ட இத்தாலியப் புள்ளியியலாளர் கொர்ராடோ ஜினி 1912இல் முன்வைத்த அளவு இது. எல்லாருக்கும் சமமான வருமானம் என்றால் 0. அனைத்தும் ஒருவரிடமே என்றால் 1. விளக்கத்தை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். நாம் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பத்துப் பேர் கொண்ட இரண்டு ஊர்கள். ஒவ்வோர் ஊரின் மொத்த வருமானமும் 100. முதல் ஊரில் ஒருவருக்கு 55, மற்ற ஒன்பது பேருக்கும் ஆளுக்கு 5. இரண்டாம் ஊரில் ஐந்து பேருக்கு ஆளுக்கு 19, மற்ற ஐந்து பேருக்கு ஆளுக்கு 1. இரண்டு ஊர்களிலும் சராசரி 10. ஜினி குணகமும் இரண்டிலும் மிகச் சரியாக 0.45. ஆனால் முதல் ஊரின் கீழ்ப்பாதிக்கு 100இல் 25 கிடைக்கிறது. இரண்டாம் ஊரின் கீழ்ப்பாதிக்குக் கிடைப்பது வெறும் 5. முதல் ஊரின் சிக்கல் உச்சியில் இருக்கும் ஒருவரைப் பற்றியது. இரண்டாம் ஊர் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஒரே எண், முற்றிலும் வேறான இரண்டு சமூகங்கள். இவற்றுக்குத் தேவையான கொள்கைகளும் வேறுவேறு.

எனவே ஒப்பிடலாம், அதை மட்டுமே வைத்து ஒப்பிட வேண்டாம். மேல் 10 விழுக்காட்டினர் பெறும் பங்கு, கீழ்ப்பாதியினர் பெறும் பங்கு ஆகிய இரண்டையும் உடன் பாருங்கள். மேல் 10 விழுக்காட்டின் வருமானத்தைக் கீழ் 40 விழுக்காட்டின் வருமானத்தால் வகுத்துப் பெறும் பால்மா விகிதமும் இதற்காகவே பயன்படுகிறது. இந்தப் பத்துப் பேர் கணக்கை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியே சொல்வேன்; பத்துப் பக்க விளக்கத்தைவிட அது நன்றாக மனத்தில் நிற்கும்.

7. ஒரே நாட்டைப் பற்றி ஒருவர் ஏற்றத்தாழ்வு கூடியது என்கிறார், இன்னொருவர் குறைந்தது என்கிறார். இதில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார்தானே?

பெரும்பாலும் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். அளந்த பொருள் வேறு. ஒருவர் வருமானத்தை அளந்திருப்பார், மற்றவர் நுகர்வுச் செலவை. செல்வர் தம் வருமானத்தில் பெரும்பகுதியைச் சேமித்துவிடுவதால் நுகர்வில் ஏற்றத்தாழ்வு எப்போதும் குறைவாகவே தெரியும். செல்வத்தை அளந்தால் மிக அதிகமாகத் தெரியும். வருமானத்தில் ஓரளவு சமத்துவம் கொண்ட சுவீடனில்கூடச் செல்வம் மிகுதியாகக் குவிந்துதான் கிடக்கிறது. அடுத்து, தரவு வந்த வழி. வீடு வீடாகச் சென்று கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்புக்குப் பெருஞ்செல்வர் எளிதில் அகப்படுவதில்லை. பிக்கெட்டியும் அவருடன் உழைத்தவர்களும் வருமானவரிப் பதிவேடுகளுக்குச் சென்றது அதனால்தான். அப்பதிவேடுகளிலோ வரி கட்டாதவர்கள் இல்லை. மூன்றாவதாக, 10, 100 என்றிருந்த இரண்டு வருமானங்கள் 20, 200 ஆனால், விகிதம் மாறவில்லை. இடைவெளி 90இலிருந்து 180 ஆகிவிட்டது. இதில் எதை 'கூடியது' என்பது?

கேள்வித்தாளில் ஒரு வரி மாறினாலே நாட்டின் வறுமை மாறிவிடும் என்பதற்கு இந்தியாவில் நடந்ததே சான்று. 1990களில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு ஒரு சோதனை செய்தது. கடந்த 30 நாள்களில் உணவுக்கு எவ்வளவு செலவிட்டீர்கள் என்று சில குடும்பங்களிடமும், உணவுக்குக் கடந்த 7 நாள்களை மட்டும் வைத்து மற்றக் குடும்பங்களிடமும் கேட்டது. ஒரு வாரச் செலவு நினைவில் இருக்கும், ஒரு மாதச் செலவில் பலவும் மறந்துபோகும். 7 நாள் கேள்வியின்படி கணக்கிட்ட வறுமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எவருடைய தட்டிலும் ஒரு பிடி சோறும் கூடவில்லை. 1999-2000 கணக்கெடுப்பில் இரண்டு கேள்விகளையும் ஒரே தாளில் சேர்த்துக் கேட்டதால், அந்த ஆண்டின் முடிவுகளை முந்தைய ஆண்டுகளோடு எப்படி ஒப்பிடுவது என்று அறிஞர்கள் பல்லாண்டுகள் வாதிட்டார்கள்.

8. அப்படியானால் உலகில் வறுமை குறைந்திருக்கிறதா, இல்லையா?

கடும் வறுமை குறைந்திருக்கிறது. 1990க்குப் பிறகு மிகப் பெருமளவில் குறைந்திருக்கிறது. கோட்டை எங்கே வரைந்தாலும் இந்தத் திசை மாறவில்லை. எத்தனை பேர் என்பதுதான் கோட்டைப் பொறுத்து மாறும். உலக வங்கி 2025 ஜூனில் கோட்டை 2.15 டாலரிலிருந்து 3 டாலருக்கு மாற்றியபோது, 2022ஆம் ஆண்டுக்கான கடும் வறுமை மதிப்பீடு 71.3 கோடியிலிருந்து 83.8 கோடியாக உயர்ந்தது. புதிய விலைத் தரவுகளையும் புதிய கணக்கெடுப்புகளையும் சேர்த்ததால் வந்த திருத்தம் அது; அந்த ஜூனில் 12 கோடிக்கு மேற்பட்டோர் புதிதாக ஏழையாகிவிடவில்லை.

நாடுகளுக்கிடையிலான இடைவெளி, நாட்டுக்குள் உள்ள இடைவெளி என்பனவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சீனா, இந்தியா போன்ற பெருநாடுகளின் வருமானம் உயர்ந்ததால் உலக மக்கள் அனைவரையும் ஒரே வரிசையில் வைத்து அளக்கும் ஏற்றத்தாழ்வு அண்மைப் பத்தாண்டுகளில் குறைந்தது. அதே காலத்தில் பல நாடுகளின் உள்ளே அது கூடியது. பிராங்கோ மிலனோவிச் இந்தப் பிரிவினையை மிகத் தெளிவாக எழுதியிருக்கிறார். ஒருவரின் வருமானத்தை முடிவு செய்வதில் அவர் எந்த நாட்டில் பிறந்தார் என்பதற்கு இருக்கும் பங்கு பாதிக்கும் மேல் என்று அவர் காட்டுவதைப் படித்தபோது என்னால் அடுத்த பக்கத்துக்கு உடனே போக முடியவில்லை.

9. பஞ்சம் என்றால் உணவுத் தட்டுப்பாடு. இதில் ஆராய என்ன இருக்கிறது?

2ஆம் விடையில் குறிப்பிட்ட சென்னின் நூல் இந்த நம்பிக்கையைத்தான் எதிர்கொள்கிறது. 1943 வங்காளப் பஞ்சத்தில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர் கணக்கின்படி, அந்த ஆண்டின் உணவு வரத்து முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 விழுக்காடே குறைவு. பஞ்சம் இல்லாத 1941ஐவிட 13 விழுக்காடு அதிகம். போர்க்காலச் செலவால் அரிசி விலை பன்மடங்கு உயர்ந்தது. வயல்கூலிகள், மீனவர்கள், முடிதிருத்துவோர் போன்றோரின் கூலி அதனோடு உயரவில்லை. அரிசி சந்தையில் இருந்தது. அதை வாங்கும் உரிமை அவர்கள் கையில் இல்லை.

இந்நூலைப் படிப்போர் மறுப்புகளையும் அறிந்துகொள்ள வேண்டும். அன்றைய விளைச்சல் புள்ளிவிவரங்கள் நம்பத்தக்கவை அல்ல, பயிர்நோயால் உண்மையான விளைச்சல் இன்னும் குறைந்திருக்கலாம் என்று வாதிட்டவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருந்தாலும், யாருக்கு உணவு எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்ற கேள்வி அழியாது என்பது என் துணிபு.

10. முதலில் நாடு வளரட்டும், பங்கீடு தானாக நடக்கும் என்று படித்தேன். இது நிரூபிக்கப்பட்டதா?

இக்கருத்தின் வேர், 3ஆம் விடையில் வந்த குஸ்நெட்ஸ் 1955இல் எழுதிய கட்டுரை. தொழில்மயமாகும்போது ஏற்றத்தாழ்வு முதலில் கூடி, பிறகு குறையும் என்று அவர் ஊகித்தார். அக்கட்டுரையின் முடிவில், தாம் சொன்னதில் 5 விழுக்காடு தரவு, 95 விழுக்காடு ஊகம் என்றும், அந்த ஊகத்தில் ஆசையும் கலந்திருக்கலாம் என்றும் அவரே எழுதினார். இவ்வளவு நேர்மையான வாக்கியம் இந்தத் துறையில் அரிது. கட்டுரை பாடநூல்களுக்குள் நுழைந்தபோது, ஏறி இறங்கும் அந்த வளைகோடு மட்டுமே உள்ளே வந்தது. அந்த வாக்கியம் வெளியே நின்றுவிட்டது.

பின்னர் கிடைத்த தரவுகள் அந்த வளைவைப் பொதுவிதியாக ஏற்க இடம் தரவில்லை. மேலைநாடுகளில் 1914க்கும் 1945க்கும் இடையில் ஏற்றத்தாழ்வு சரிந்ததில் இரண்டு உலகப் போர்களுக்கும் பெருமந்தத்துக்கும் உயர்ந்த வரிகளுக்கும் பெரும்பங்கு உண்டு என்பது பிக்கெட்டியின் முடிவு. 1980க்குப் பிறகு அமெரிக்காவில் அது மீண்டும் ஏறியது. தானாக நடக்கும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை.

11. சில நாடுகள் பணக்கார நாடுகளாகவும் சில ஏழையாகவும் இருப்பதற்கு உண்மையான காரணம் என்ன?

நூலகத்தின் பாதி அலமாரி இந்த ஒரு கேள்விக்குத்தான். விடைகளை ஏறத்தாழ மூன்று திசைகளாகப் பார்க்கலாம். நிலமும் தட்பவெப்பமும் நோய்களும் என்பது ஒன்று. ஜாரெட் டயமண்ட் 1997இல் எழுதிய நூல், பயிரிடவும் பழக்கவும் ஏற்ற தாவரங்களும் விலங்குகளும் யூரேசியாவில் மிகுந்திருந்ததிலிருந்து தொடங்குகிறது. சொத்துரிமை, நீதிமன்றம், ஆட்சியாளரைக் கட்டுப்படுத்தும் விதிகள் ஆகிய நிறுவன அமைப்புகளே காரணம் என்பது மற்றொன்று. டேரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் ஆகிய மூவரும் இதற்காக 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள். குடியேற்ற ஆதிக்கமும் தற்செயலும் என்பது மூன்றாவது. கென்னத் பொமரன்ஸ் 2000இல் எழுதிய நூல், 18ஆம் நூற்றாண்டு வரை சீனாவின் யாங்சி கழிமுகம் இங்கிலாந்துக்குப் பெரிதும் பின்தங்கவில்லை என்றும், கைக்கெட்டிய நிலக்கரியும் அமெரிக்கக் கண்டத்து நிலமுமே பிரிவை உண்டாக்கின என்றும் வாதிடுகிறது.

நிறுவன அமைப்புகளே காரணம் என்ற விடைக்கு அடிக்கடி காட்டப்படும் சான்று கொரியா. ஒரே மொழி, ஒரே பண்பாடு, ஒட்டிய நிலம். 1945இல் பிரிக்கப்பட்ட பின் இரண்டும் எங்கெங்கோ போயின. வலுவான சான்றுதான். ஆனால் தென்கொரியாவின் வேகமான வளர்ச்சி 1960களிலும் 1970களிலும் இராணுவப் பின்னணி கொண்ட எதேச்சாதிகார ஆட்சியின்கீழ், அரசு கடனை வழிநடத்திய முறையில் நடந்தது. மக்களாட்சி 1987க்குப் பிறகுதான் நிலைபெற்றது. அதற்கு முன் 1950இல் தொடங்கிய நிலச்சீர்திருத்தம் குத்தகை விவசாயிகளை உடைமையாளர்களாக்கியிருந்தது. எந்த 'நிறுவனம்' வளர்ச்சியைத் தந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. போட்ஸ்வானாவையும் பாருங்கள். 1966இல் விடுதலை பெற்றபோது மிக ஏழ்மையான நாடு. வைர வருவாயைச் சூறையாட விடாமல் ஆண்டதால் பல்லாண்டுகள் விரைவாக வளர்ந்தது. இன்றும் உலகில் ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளுள் அதுவும் ஒன்று.

இந்த நூல்களில் ஒன்றை மட்டும் படித்தவர் உறுதியோடு பேசுவார். மூன்றையும் படித்தவர் நாட்டின் பெயரைக் கேட்ட பிறகே பேசத் தொடங்குவார். இரண்டாமவராக இருப்பதையே விரும்புகிறேன்.

12. இவ்வளவு வாதம் எதற்கு? மருத்துவத்தில் மருந்தைச் சோதிப்பதுபோலத் திட்டங்களையும் சோதித்துப் பார்த்துவிடலாமே?

செய்கிறார்கள். பானர்ஜி, டஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகியோருக்கு 2019 நோபல் பரிசு அதற்காகவே கிடைத்தது. குலுக்கல் முறையில் சில பள்ளிகளுக்கு ஓர் உதவியைத் தருவது, மற்றவற்றுக்குத் தராமல் ஒப்பிடுவது என்பதே முறை. கென்யாவில் பாடநூல் இலவசமாகக் கொடுத்தால் மதிப்பெண் உயருமா என்று கிரெமரும் உடன் ஆய்வாளர்களும் சோதித்தார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. முன்பே நன்றாகப் படித்துவந்த மாணவர்களுக்கு மட்டும் பயன் கிடைத்தது. பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது மூன்றாம் மொழி. புத்தகம் கையில் இருந்தும் திறந்து படிக்க முடியாத பிள்ளையை மேசையில் அமர்ந்து போட்ட எந்தக் கணக்கும் காட்டியிருக்காது.

ஆனால் ஓரிடத்தில் கிடைத்த முடிவு மற்றோரிடத்தில் பொருந்துமா என்பதைச் சோதனையே சொல்லாது. இங்கே முடிவைவிடக் காரணமே பயணம் செய்யத்தக்கது: பாடநூல் பயனற்றது என்பதை எடுத்துக்கொள்ளாமல், கற்பிக்கும் மொழியும் தரமும் மாணவரின் நிலையோடு பொருந்த வேண்டும் என்பதை எடுத்துக்கொள்ளலாம். முந்தைய கேள்வியில் வந்தவை போன்ற பெரிய வினாக்களைக் குலுக்கிச் சோதிக்கவே முடியாது.

13. பொருளாதார அறிஞர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பிறகு நான் யாரை நம்புவது?

நம்புவதைவிடச் சரிபார்க்க விடுபவரைத் தேடுங்கள். 1992இல் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அங்கும் பக்கத்துப் பென்சில்வேனியாவிலுமாக 410 துரித உணவகங்களை ஒப்பிட்டு, வேலைவாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்று 1994இல் எழுதினார்கள். டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் ஊதியப் பதிவேடுகளைக் கொண்டு அதை மறுத்தார்கள். முன்னவர்கள் அரசுப் பதிவுகளோடு மீண்டும் வந்து விடையிறுத்தார்கள். இந்த வாதத்தால் துறை முழுவதற்கும் அளவிடும் முறை கூர்மையானது.

மற்றொரு நிகழ்ச்சி. அரசுக்கடன் உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக 0.1 விழுக்காடு சுருங்குகிறது என்று கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் வெளியிட்ட கட்டுரையைச் செலவுக் குறைப்புக்குச் சான்றாக அரசியலாளர்கள் காட்டிவந்தார்கள். 2013இல் ஒரு பட்டமேற்படிப்பு மாணவர் அவர்களிடமே எக்செல் தாளைக் கேட்டுப் பெற்றுப் பார்த்தபோது, சராசரி கணக்கிடும் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. விடுபட்ட சில தரவுகளையும், சராசரியில் ஒவ்வொரு நாட்டுக்கும் கொடுத்த முக்கியத்துவத்தையும் சேர்த்துத் திருத்தியதில் 2.2 விழுக்காடு வளர்ச்சி வந்தது. சூத்திரப் பிழையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். மற்றவற்றில் தங்கள் முறையே சரி என்றார்கள். தாளைக் கொடுக்க மறுத்திருந்தால் பிழை வெளிப்பட்டிருக்காது என்பதையும் அவர்கள் பக்கம் வைத்துச் சொல்ல வேண்டும்.

14. ஆசிரியர் இடதா, வலதா என்று தெரிந்துகொண்டு படித்தால் நேரம் மிச்சமாகுமே?

நேரம் மிச்சமாகும், வாசிப்பும் மிச்சமாகிவிடும். ஆசிரியரின் சார்பை அறிவது நல்லதுதான். ஆனால் அது அவர் எந்தக் கேள்வியைக் கேட்பார் என்பதைத்தான் சொல்லும், விடை சரியா என்பதைச் சொல்லாது. உங்களுக்கு உவப்பான முடிவைச் சொல்பவரின் எண்களை இருமடங்கு கவனத்தோடு பாருங்கள். நமக்குப் பிடித்த எண்ணிடம் நாம் கேள்வி கேட்பதில்லை.

15. எழுநூறு பக்க நூலைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். என்ன செய்வது?

முன்னுரையையும் முடிவுரையையும் முழுதாகப் படியுங்கள். பிறகு வரைபடங்களை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எந்த வரியை உங்களால் எழுத முடியவில்லையோ அந்த அத்தியாயத்தைப் படியுங்கள்.

16. கி.பி. 1ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டின் தலா வருமானம் இவ்வளவு என்று அட்டவணை போடுகிறார்கள். அன்றைக்கு யார் கணக்கெடுத்தார்கள்?

எவரும் எடுக்கவில்லை. ஆங்கஸ் மேடிசன் தம் வாழ்நாள் முழுவதும் திரட்டிய நீண்டகால அட்டவணைகளே இவற்றுக்குப் பெரும்பாலும் மூலம். அண்மை நூற்றாண்டுகளுக்கு வரிப் பதிவேடுகள், கட்டடத் தொழிலாளர் கூலிக் கணக்குகள், துறைமுக ஏடுகள் போன்றவை உண்டு. ராபர்ட் ஆலன் போன்றோர் அக்கூலியைக் கொண்டு, ஒரு குடும்பம் உயிர்வாழத் தேவையான தானியமும் விறகும் துணியும் அடங்கிய ஒரு கூடையை எத்தனை முறை வாங்க முடியும் என்று கணக்கிடுகிறார்கள். 5ஆம் விடையில் சொன்ன விலை ஒப்பீட்டின் பழங்கால வடிவம் அது, நம்பிப் படிக்கலாம்.

அதற்கும் பின்னே போகப் போக எண்களின் தன்மை மாறிவிடுகிறது. மேடிசனின் அட்டவணையில் பழங்காலத்துக்குரிய வரிசைகளைப் பாருங்கள்: பல பகுதிகளுக்கு 1990ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் 400 அல்லது அதையொட்டிய எண் திரும்பத் திரும்ப வரும். உயிர் வாழ்வதற்கு வேண்டிய மிகக் குறைந்த அளவு 400 டாலர் என்று அவர் எடுத்துக்கொண்டார். வேறு சான்று இல்லாத இடங்களில் அந்த அனுமானமே எண்ணாக அமர்ந்திருக்கிறது. 11ஆம் விடையில் கண்ட நோபல் பரிசு ஆய்விலும் இதே சிக்கல் எழுந்தது. நிறுவன அமைப்புகளின் விளைவைக் கணிக்க அதில் பயன்படுத்திய, குடியேறிய ஐரோப்பியரின் இறப்பு விகிதம் குறித்து 64 நாடுகளுக்கு எண்கள் இருந்தன. அவற்றில் 36 நாடுகளின் எண்கள் வேறு நாடுகளிலிருந்து எடுத்து நிரப்பப்பட்டவை என்று டேவிட் ஆல்பூய் 2012இல் காட்டினார். ஆசிரியர்கள் அதற்கு விரிவாக மறுமொழி எழுதினார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். அட்டவணையில் ஒரே எண் அடுத்தடுத்த வரிசைகளில் தென்பட்டால், அதன் அடிக்குறிப்பைத் தேடிப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.